சுரங்கத்துக்கு இருபத்தொரு நாள்

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்குத் தராசு, சின்னவர்களுக்குத் தராசக்கா. வேலை அப்படி. கணினியில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றைச் செய்து ஊர் உலகத்துக்கெல்லாம் விற்கிற அலுவலகம் அது; விளையாட்டின் பெயர் 'மதில்'. இரண்டு பேர் எதிரெதிரே கோட்டை கட்டிக்கொண்டு ஒருவர் மதிலை ஒருவர் சாய்க்கவேண்டும். குதிரைக்கு எவ்வளவு வேகம், வில்லுக்கு எவ்வளவு தூரம், கல் சுவருக்கு எவ்வளவு உறுதி என்பதெல்லாம் எண்கள். அந்த எண்களில் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, எந்தத் தந்திரமும் மற்றதை ஒரேயடியாக விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இந்த நாற்காலிக்கு அவள் நேராக வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் எட்டு வருஷம் மின்வாரியத்தில் புகார் தொலைபேசி எடுத்தவள். மின்சாரம் போன வீட்டுக்காரன் என்னவெல்லாம் திட்டுவான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அத்தனையையும் காதில் வாங்கி, கடைசியில் "தெரு பேரு சொல்லுங்க" என்று கேட்டுப் பழகியவள். முப்பத்துநாலாவது வயதில் 'மதில்' அலுவலகத்துக்கும் புகார் மேசைக்குத்தான் வந்தாள். ஆட்டக்காரர்கள் எழுதுவதைப் படித்துப் படித்து, எந்தப் புகாரில் விஷயம் இருக்கிறது, எதில் வெறும் வயிற்றெரிச்சல் என்று பிரிக்கக் கற்றுக்கொண்டாள். மூன்று வருஷத்தில் எண்களைத் தொடும் நாற்காலி அவளுக்கு வந்தது. முதலாளி அவளைவிடப் பத்து வயது இளையவன். "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். அவனும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

இந்தக் கதை சுரங்கத்தைப் பற்றியது. 'மதில்' ஆட்டத்தில் சுரங்கப் படை என்று ஒன்று உண்டு. மூன்று பகுதியாகத் தோண்டிக்கொண்டே போய் எதிரியின் மதிலடியில் கொண்டு விடுவார்கள். சுவர் மடமடவென்று விழும். ஒரு பகுதி தோண்ட நாற்பது நொடி. புதிதாக ஆட வந்தவர்கள் ஆறாவது நிமிஷத்தில் சுவர் விழுந்து தோற்று, அப்படியே போய்விடுகிறார்கள், திரும்பி வருவதில்லை என்பது ஒரு வருஷமாக அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. தராசு கணக்கை எடுத்துப் பார்த்தாள். சுரங்கம் தோண்டியவர்கள் நூற்றுக்கு அறுபத்துநாலு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். இது அநியாயம் என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. நாற்பது நொடியை அறுபதாக்கினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆட்டக்காரர்கள் கூடும் பக்கத்தில் தன் பெயரிலேயே ஓர் அறிவிப்பும் எழுதினாள். இந்த மாற்றம் இருபத்தொரு நாள் அப்படியே நிற்கும், யார் எவ்வளவு கத்தினாலும் எடுக்கமாட்டேன், அதன்பிறகு கணக்குப் பார்ப்போம் என்று. முதலாளியிடம் வேறு, நாள் முடிவதற்குள் இதை நானே எடுத்தால் இந்த நாற்காலியை விட்டுவிட்டுப் பழையபடி புகார் மேசைக்குப் போய்விடுகிறேன் என்று சொன்னாள். யாரும் கேட்காத சத்தியம். மனுஷி அப்படி. போதாததற்கு, நேர்மையாக இருக்கவேண்டுமென்று, தான் கணக்கில் எடுத்த ஆட்டங்களின் முழுப் பட்டியலையும் அறிவிப்போடு சேர்த்துப் போட்டுவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது பிறகு.

முதல் நாளே தீப்பிடித்தது. மூன்றாம் நாளுக்குள் ஒன்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். ஒருவன் தராசின் ஒரு தட்டில் கழுதையை உட்காரவைத்துப் படம் வரைந்தான். படம் நன்றாகவே இருந்தது என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஐந்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு இரண்டாயிரம் பேர் ஒரே சமயத்தில் தங்கள் கோட்டைக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டித் தங்கள் மதிலைத் தாங்களே சாய்த்துக்கொண்டார்கள். உண்ணாவிரதத்துக்குப் பதில் இது. முதலாளியோடு சேர்ந்து அலுவலகத்தைத் தொடங்கிய கூட்டாளி பயந்துபோய், பழையபடி மாற்றிவிடலாம் என்று அரித்தான். முதலாளி மட்டும் அசையவில்லை. அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று அவள் பக்கம் நின்றான். அவளுக்கு அதில் நெஞ்சு நிறைந்தது. அதனாலேயே பின்னால் வலித்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றத்துக்காவது எதிர்ப்பு வந்தால், மாற்றியவர் தினமும் காலை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பத்துப் புகார்களை உரக்கப் படிக்கவேண்டும். பதில் சொல்லக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, கெட்ட வார்த்தையை மட்டும் தாண்டிப் போகலாம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே தராசுதான், புகார் மேசையில் இருந்த காலத்தில். தான் வைத்த சட்டம் தன் தலையில் விடிந்தது. தினமும் பத்து மணிக்கு எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன்னைத் தானே மூளை இல்லாதவள் என்றும் குதிரைப்படை ஆடுகிறவர்களிடம் விலைபோனவள் என்றும் ரயில் அறிவிப்பு வாசிக்கிற குரலில் படித்தாள். சில நாள் எண்களைத் தாண்டி அவளையே கிழித்திருந்தார்கள். அதையும் விடாமல் படித்துவிட்டுப் போய் டீ மெஷினை ஒரு தட்டு தட்டினாள். அது பாதி நாள் டீ கொடுக்கும், பாதி நாள் வெந்நீர் கொடுக்கும்.

வீட்டில் கணவர் லிஃப்ட் மெக்கானிக். விளையாட்டென்றால் அவருக்கு அரிச்சுவடி கூடத் தெரியாது. ஊரே உன்னைத் திட்டுதாமே என்று மட்டும் கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா என்று சொல்லிவிட்டு இவள் துணி மடிக்கப் போய்விட்டாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அறுபத்துநாலு என்பது அறுபத்துநாலு. கத்துகிறவன் கையில் எண் இல்லை, தன் கையில் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் காலை ஏழாவது புகாரைப் படிக்கும்போதுதான் குரல் இடறியது. எழுதியவரின் புனைபெயர் 'கரையான்'. திட்டு ஒன்றுமில்லை. நான்கே வரி. "நான் இதுவரைக்கும் ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு ஆட்டம் ஆடியிருக்கேன். எல்லாமே சுரங்கம். நீங்க போட்ட பட்டியல்ல என் பேர்ல பதினோரு ஆட்டம்தான் இருக்கு. மிச்சம் எங்க போச்சு?"

பதில் சொல்லக்கூடாது என்பது வழக்கம். மீதி மூன்று புகாரையும் படித்து முடித்தாள். என்ன படித்தாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாள். நேராகப் போய்ப் பழைய பதிவுகளைத் திறந்தாள். கரையான் சொன்னது சரி. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் இருந்தது. ஆயிரத்து நானூற்றொன்றுக்கு எதிரே ஒரே குறிப்புதான் இருந்தது: 'ஆள் இல்லை'.

அந்தக் குறிப்பை அவள் இரண்டு தடவை படித்தாள். ஏனென்றால் அது அவளுடைய வார்த்தை. நான்கு வருஷத்துக்கு முன்னால், சிலர் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டுக் கதவு திறக்கவோ குழந்தையைத் தூக்கவோ எழுந்து போய்விடுகிறார்கள், அந்தத் தோல்வியெல்லாம் கணக்கைக் கெடுக்கிறது என்று அவளே ஒரு விதி வைத்தாள். ஒரு நிமிஷத்துக்குமேல் கை அசையாத ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காதே. மின்வாரியத்தில் எதிர்முனையில் சத்தமில்லாத அழைப்புக்கு எதிரே 'ஆள் இல்லை' என்று எழுதுவார்கள். பழக்கதோஷத்தில் அதே பெயரை இதற்கும் வைத்தாள். நல்ல யோசனை என்று எல்லோரும் அன்றைக்குப் பாராட்டினார்கள்.

சுரங்கம் தோண்டுகிறவன் என்ன செய்வான்? மூன்று பகுதிக்கும் உத்தரவு கொடுத்துவிட்டு இரண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். காத்திருப்பதுதான் அந்தத் தந்திரமே. அப்படிக் காத்திருந்தவர்களையெல்லாம் அவளுடைய விதி எழுந்துபோனவர்கள் என்று நினைத்து வெளியே தள்ளியிருந்தது. தோண்டிக்கொண்டே இன்னொரு பக்கம் குதிரைகளையும் ஓட்டியவர்கள் மட்டும்தான், கை ஓயாததால், கணக்கில் தங்கியிருந்தார்கள். அவள் கையிலிருந்த அறுபத்துநாலு பாதிக் கூட்டத்தின் கணக்கு. ஒன்பது நாளாக அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஊரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

கரையானுக்கு எழுதித் தொலைபேசி எண் வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினாள். ஒரு படகுத்துறையில் டிக்கெட் பரிசோதிக்கிறவர். நடுவயதுக் குரல். இடது கை பிறவியிலேயே முழங்கையோடு நின்றுவிட்டது என்று, நேற்று மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார். குதிரைப்படை ஆட்டத்துக்கு இரண்டு கையும் ஓடவேண்டும், அது தனக்கு ஆகாது, சுரங்கம் என்றால் யோசித்து இடம் பார்த்துத் தோண்டிவிட்டுக் காத்திருக்கலாம் என்றார். இப்போது மூன்று நிமிஷமாகிவிட்டதால் அதற்குள் எதிரி வந்து அடித்துவிடுகிறான். ஒன்பது நாளில் ஒரு ஆட்டம் ஜெயித்திருக்கிறார்.

உடனே மாற்றிவிடுவதாகச் சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"மேடம், எனக்காக மாத்தாதீங்க. பாவம்னு ஒரு நாப்பது நொடி எனக்கு வேண்டாம். என்னையும் சேத்து எண்ணுங்க. எண்ணிப் பாத்துட்டு அறுபதுதான் சரின்னு வந்தா, அறுபதுலயே ஆடிக்கறேன்."

மின்வாரியத்திலும் இங்கேயும் சேர்த்து அவள் கேட்ட எத்தனையோ ஆயிரம் புகாரில் இவ்வளவு நியாயமான ஒன்றைக் கேட்டதில்லை. எண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.

எண்ணுவதற்கு நிரல் எழுதுகிறவனின் உதவி வேண்டும். அவனை எல்லோரும் 'உம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நான்கு வருஷப் பதிவையும் அந்த விதி இல்லாமல் திரும்ப எண்ணவேண்டும், உண்மையிலேயே எழுந்துபோனவர்களைத் தனியே பிரிக்கவேண்டும் என்று விளக்கினாள். உத்தரவு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன் வேறு, உத்தரவே கொடுக்காமல் போனவன் வேறு. உம் என்றான். இரண்டு நாளில் கொண்டுவந்து வைத்தான். குதிரையோடு சேர்த்துத் தோண்டினால் நூற்றுக்கு அறுபத்துநாலு. சுரங்கம் மட்டும் என்றால் நாற்பத்துமூன்று. இளைத்தவன் தலையில்தான் இருபது நொடியை ஏற்றிவைத்திருந்தாள்.

சரி, ஆனால் புதியவர்கள் ஆறாவது நிமிஷத்தில் தோற்பது பொய்யில்லையே. சுரங்கம் மட்டும் காரணமில்லை, குதிரை மட்டும் காரணமில்லை. இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஏன் சுவர் விழுகிறது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரைப் பிடித்துக் கணினி முன்னால் உட்காரவைத்தாள். இவரைவிடப் புதிய ஆட்டக்காரன் உலகத்தில் கிடைக்கமாட்டான். அவள் பக்கத்து அறையிலிருந்து குதிரையும் சுரங்கமுமாகத் தாக்கினாள். அவர் ஆறு ஆட்டம் வரிசையாகத் தோற்றார். ஆறாவதில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"கோட்டையில மணி அடிச்சுது, வாசலுக்கு ஓடினேன். குதிரைய விரட்டிட்டுத் திரும்பினா பின்னாடி சுவரக் காணோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சுரங்கம் வந்தாலும் மணி அடிக்குமே. கேக்கலயா?"

"ஒரு தடவதான் அடிச்சுது. அது குதிரைக்கு."

அவள் வந்து கூடவே உட்கார்ந்து பார்த்தாள். அவர் சொன்னது நிஜம். ஆபத்து மணி ஓயாமல் அடித்து எரிச்சலூட்டக்கூடாது என்று, ஒருமுறை அடித்தால் ஒரு நிமிஷம் அடங்கியிருக்கும்படி யாரோ எந்தக் காலத்திலோ வைத்திருந்தார்கள். குதிரை வாசலைத் தொட்டதும் மணி அடித்துவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் சுரங்கம் மதிலடிக்கு வந்தால் வாய் திறக்காது. பழகினவர்கள் தாமே போய்ப் பார்த்துக்கொள்வார்கள். புதியவன் மணியை நம்பி வாசலில் நிற்பான்.

"லிஃப்ட்ல கதவுக் கோளாறுக்கும் கயிறு அறுந்ததுக்கும் ஒரே விளக்க வெச்சா என் வேலையே போயிடும்" என்றார் கணவர். "உங்க ஆபீஸ்ல அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?"

எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை. மணியின் தப்புக்குச் சுரங்கத்தைத் தண்டித்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன்மேல் எரிச்சலும் வந்தது. கணவருக்கு அன்றைக்கு இரண்டு தடவை டீ கிடைத்தது.

திங்கட்கிழமை, பதினைந்தாம் நாள், முதலாளியின் அறைக் கதவைத் தட்டினாள். எண்களை வைத்தாள். மணி இரண்டாகவேண்டும், வாசலுக்கு ஒன்று, நிலத்தடிக்கு ஒன்று; நிலத்தடி மணி சுரங்கம் பாதி தூரம் வரும்போதே அடிக்கவேண்டும். சுரங்கம் இன்றைக்கே பழைய நாற்பது நொடிக்குப் போகவேண்டும். கேட்டுக்கொண்டே இருந்த முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டான். இன்னும் ஆறே நாள்தான் இருக்கிறது, முடியட்டும், அதன்பிறகு கணக்குப் பார்த்ததாகச் சொல்லி மரியாதையாக மாற்றிக்கொள்ளலாம், இந்த விதி விஷயத்தை வெளியே சொல்லவே வேண்டாம் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கத்தினால் காரியம் நடக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த மாற்றம் எதையும் நிற்கவைக்க முடியாது.

"இன்னிக்கு இறங்கினா நாளைக்குத் தலைமேல ஏறி உக்காந்துடுவாங்க, அக்கா. உங்களுக்காக நான் எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன்."

"தெரியும் தம்பி. அதான் உங்ககிட்ட முதல்ல வந்தேன். கத்தினவங்களுக்காக நான் இறங்கல. ஒன்பதாயிரம் பேரு கத்தினாங்க, நான் அசஞ்சேனா? ஒருத்தர் எண்ணிக் காட்டினாரு. அவருக்கு பதில் சொல்லணும். தப்புன்னு தெரிஞ்சப்பறம் ஆறு நாள் நின்னா அது உறுதி இல்ல, வீம்பு."

"நாற்காலி?"

"சொன்ன சொல் சொன்னதுதான். புகார் மேச காலியாத்தான இருக்கு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சம்மதம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பத்து மணி. எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பத்துப் புகார் இல்லை, ஒன்றே ஒன்று. எழுதியவர் தராசு, யார்மேல் என்றால் தராசுமேல். நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் வைத்த விதி காத்திருந்து ஆடியவர்களை ஆளே இல்லை என்று தள்ளிவிட்டது. அந்தக் கணக்கை நம்பிச் சுரங்கத்தின் வேகத்தைக் குறைத்தேன். தப்பு என்னுடையது. சுரங்கம் இன்று பழைய நேரத்துக்குப் போகிறது. இருபத்தொரு நாள் என்று கொடுத்த வாக்கை முறிக்கிறேன், அதற்குச் சொன்ன அபராதத்தையும் கட்டுகிறேன். இதையே ஒரு எழுத்து மாற்றாமல் ஆட்டக்காரர்களின் பக்கத்திலும் போட்டாள். பிறகு தன் கணினியையும் டீ கோப்பையையும் தூக்கிக்கொண்டு புகார் மேசைக்கு நடந்தாள். கோப்பை கணினியில் இடித்துச் சத்தம் போட்டது. 'உம்' எழுந்து வந்து கணினியை வாங்கிக்கொண்டான்.

கத்தியவர்கள் வெற்றி விழாக் கொண்டாடினார்கள், அது எதிர்பார்த்ததுதான். கழுதைப் படக்காரன் கழுதைக்கு மாலை போட்டு இன்னொரு படம் வரைந்தான். கூட்டாளி மூன்று பேரை நாற்காலிக்குக் கேட்டுப் பார்த்தான். இரண்டு பேர் அந்த வசவுக்கு நம்மால் ஆகாது என்று கும்பிட்டுவிட்டார்கள். மூன்றாமவன் 'உம்'. அவன்தான் உட்கார்ந்தான். எண்ணைத் தொடுவதற்கு முன்னால் எழுந்து வந்து புகார் மேசைக்கு எதிரே நிற்பான். அவள் தலையாட்டினால் போய் மாற்றுவான்.

இரண்டாவது மணி வந்த வாரம் கரையான் எழுதியிருந்தார். சுரங்கம் வருவது இப்போது எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, தனக்குக் கஷ்டம்தான், ஆனால் தோற்றால் ஏன் தோற்றோம் என்று புரிகிறது, அதனால் புகார் இல்லை என்று. புதியவர்கள் மெல்ல நிற்க ஆரம்பித்திருந்தார்கள். மற்ற கடிதங்களில் பாதி, அந்த இரண்டாவது மணி காதைக் கிழிக்கிறது, உடனே எடு என்று இருந்தன. கத்தல் நின்றால்தானே அதிசயம்.

முதலாளி அவள் மேசைக்கு வந்து, மணியை என்ன செய்யலாம் என்று கேட்டான். புகார் மேசைக்காரியிடம் இதைக் கேட்கவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

"இருபத்தொரு நாள் நிக்கட்டும்" என்றாள். "ஆனா இந்தத் தடவ தினமும் முதல்ல இதப் பாத்துட்டுத்தான் மத்தத" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். கணக்கில் சேராமல் ஒதுங்கிய ஆட்டங்களின் வரிசை அது. கரையான் கேட்கும்வரை நான்கு வருஷமாக ஒருவரும் திறக்காதது. தலைப்பில் இருந்த 'ஆள் இல்லை'யை அடித்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில், 'யார் என்று பார்க்கவும்' என்று எழுதியிருந்தது.